ஒரு ஆள், ஒரு படகு

அக்டோபர் 6, திங்கள்

தண்ணீர் லாரி ஏழரைக்குத்தான் வந்தது. நான்கு குடம் பிடித்து வைத்துவிட்டுக் காசிமேட்டு மீனவர் சங்க அலுவலகம் போய்ச் சேர மணி ஒன்பது. ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் திங்கட்கிழமைப் பழக்கம் போகவில்லை. பள்ளியில் இருந்தவரை திங்களன்று வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பேன். இப்போது கடல் பதிவேடு.

எந்தப் படகில் யார் போனார், எப்போது திரும்பினார் என்று சங்கக் கணினியில் ஏற்றி வைக்கும் பட்டியல் அது. செய்து கொடுத்தவள் நர்மதா. அம்பத்தூரில் மென்பொருள் கம்பெனி வேலை. மூன்று விசைப்படகு வைத்திருக்கும் நீலமேகத்தின் அக்கா மகள். எனக்கு அதில் எதையும் மாற்ற உரிமை இல்லை, பார்க்க மட்டும். அட்டையில் ஒரு கட்டளை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதைத் தட்டினால் பதிவேட்டுக்கு விதித்திருக்கும் கட்டுப்பாடுகள் வரிசையாக வரும். கன்ஸ்ட்ரெயின்ட் என்பார்கள். திரும்பிய நேரம் புறப்பட்ட நேரத்துக்கு முன்னால் இருக்கக்கூடாது, பதிவாகாத படகின் பெயரில் ஆள் ஏறக்கூடாது - இப்படி ஐந்து வரி. ஐந்தாவது நான் கேட்டு வாங்கியது. யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது இரட்டை கூடாது என்ற கட்டுப்பாடு. ஒரே ஆள் பெயர் ஒரே தேதியில் இரண்டு படகில் ஏறாது.

இன்று நான்கு வரிதான் வந்தது.

மறுபடி தட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தட்டினேன். நான்கு. இல்லாமல் போனது ஐந்தாவதுதான்.

அக்டோபர் 7

இரவெல்லாம் மாரியப்பன் நினைவு. எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். பின்னம் வராது, ஆனால் வலையின் கண்ணை விரலால் அளந்து சொல்வான்.

இந்தத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூலிக்குப் போகிறவர்கள் இரண்டு படகில் பெயர் கொடுத்து வைப்பார்கள். ஒன்றின் இன்ஜின் மக்கர் செய்தால் மற்றதில் ஏறிக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்கு முன் மாரியப்பனும் அப்படித்தான் கொடுத்தான். அப்போது காகித நோட்டு. அவன் ஏறிய படகு கவிழ்ந்தது. காப்பாற்றிய ஆந்திரப் படகிலிருந்து வயர்லெஸ்ஸில் அரைகுறையாக வந்தது ஒரே செய்தி: நாலு பேர் கிடைத்தார்கள். நோட்டில் ஐந்து பெயர். "மாரியப்பன் அந்தப் படகுலயும் பேர் குடுத்துகீறான், அதுல போய்ட்டிருப்பான்" என்று யாரோ சொல்ல, ஐந்தை நான்காக்கித் தேடுதலை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்த இன்னொரு படகு கரைக்கு வந்தது. அதில் அவன் இல்லை.

அந்த இரண்டு நாளும் அவன் மனைவி முத்தம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் கையைப் பிடித்து நான் சொன்னது: இனி ஒரு பேர் ரெண்டு படகுல இருக்காது, நான் பாத்துக்கறேன். இப்போது அவள் தம்பி ஜெயவேல் கடலுக்குப் போகிறான்.

அந்த வரியை எடுத்தது யார்?

அக்டோபர் 9, வியாழன்

சந்தேகம் என்று நினைத்தேன். கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

பதிவு மேசையில் இருக்கும் ஷம்ஷாத் டீ குடிக்கப் போன நேரம், நாளைய பட்டியலைத் திறந்தேன். ஜெயவேல் - சகாயமாதா. நான்கு வரி தள்ளி, ஜெயவேல் - கங்கையம்மன். ஒரே தேதி. ஒரே ஆள். பதிவேடு வாயைத் திறக்கவில்லை.

கங்கையம்மன் யாருடைய படகு? நீலமேகத்தினுடையது.

ஏழு பேருக்குக் குறைந்தால் படகைக் கடலுக்கு விடக்கூடாது என்பது மாரியப்பன் போன பிறகு வந்த சங்கத் தீர்மானம். ஆள் தட்டுப்பாடு எல்லோருக்கும் உண்டு. ஆறு பேரை ஏற்றி ஏழு பெயர் காட்ட வேண்டுமென்றால் கரையில் ஒரு கடன் பெயர் வேண்டும். விதி இருந்தால் அது முடியாது. விதியை எடுக்கத் தெரிந்தவள் யார்? அக்கா மகள்.

ஒரு பக்கக் கணக்கு. மீதி எங்கும் விழவில்லை.

அக்டோபர் 10

"அந்தப் புள்ளகிட்டயே கேட்டுர வேண்டியதுதான? என்னமோ சி.ஐ.டி. கணக்கா அலையுத" என்கிறார் என் வீட்டுக்காரர். காப்பியடிக்கும் பையனிடம் "காப்பியடிக்கிறாயா" என்று எந்த ஆசிரியையாவது கேட்டிருக்கிறாளா?

அக்டோபர் 14, செவ்வாய்

இவருடைய கயிற்றுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நீலமேகம் நைலான் கயிறு வாங்க வந்தார்.

"இன்னா பெனிட்டோ அண்ணாச்சி, வூட்டுக்காரம்மாவ கல்லாவுல குந்த வெச்சுட்ட? இனிமே ஒரு முழம் கொசுறு கேக்க முடியாதே!"

"கேட்டுப் பாரும். கணக்கு டீச்சர். முழத்த சென்டிமீட்டர்ல அளப்பா."

சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், உங்க ரூலு இப்ப எவ்ளோ தேவல. முன்ன ஒர்த்தன் ரெண்டு படகுல பேர் குடுத்தா பொட்டி கத்தும். பேஜாரு. நர்மதாகிட்ட நான்தான் சொன்னேன், இன்னாமா, ஆளு கெடைக்கறதே கஷ்டம், இத்த கொஞ்சம் பாருன்னு. பாத்துட்ச்சு."

வாயாலேயே சொல்லிவிட்டார்! அதுவும் பல் தெரிய. நான் கயிறு அளக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அளந்ததில் ஒரு முழம் கூடத்தான் போயிருக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

காலை ஐந்தரைக்குத் துறைமுகம் போய் நின்றேன். கங்கையம்மன் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தது. பட்டியலில் ஏழு. எண்ணினேன். ஏழு.

மறுபடி எண்ணினேன். ஏழுதான். ஒருவன் கையை வேறு ஆட்டினான். ஜெயவேல்.

"இன்னா டீச்சர், காலங்காத்தால இங்க இன்னா பண்ணிகினுகீறீங்க? அட்டனன்ஸ் எட்க்கறீங்களா?" - "உள்ளேன் டீச்சர்!" என்று இன்னொரு குரல். படகே சிரித்தது.

திரும்பி வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏமாற்றமாக இருந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அது நல்ல குணமில்லை. ஆனாலும் - இன்று நான் நிற்பது தெரிந்துதானே ஏழு பேர்?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அலுவலகம் பூட்டு. வெடிப்புகையில் இவருக்கு இருமல்.

அக்டோபர் 22, புதன்

முத்தம்மாவிடம் சங்கரா மீன் வாங்கினேன். செதில் சீவிக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், நம்ம ஜெயவேலு பேரு நோட்ல ஒயுங்கா கீதுல்ல?"

"இருக்கு" என்றேன். பொய் இல்லை. இருக்கிறது. இரண்டு இடத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முழுவதையும் இங்கே படியெடுக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு வாக்கியம்: 'உறவினரின் வசதிக்காக உயிர்காக்கும் விதியை ஓசையின்றி நீக்கியவரிடம் பதிவேட்டின் பொறுப்பு இருப்பது சரியல்ல.' மூன்று முறை திருத்தியும் அந்த வாக்கியம் மாறவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

நான்கு வரி. கடிதத்தைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

நான்கு. தலைவரிடமிருந்து பதில் இல்லை. அவரும் உடந்தையா?

சகாயமாதா இன்று கடலிலேயே ஐந்து நாள் தங்கலுக்குப் புறப்பட்டது. ஜெயவேல் அதில். இந்த முறை ஏணியில் கால் வைத்து அவன் ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன்.

நவம்பர் 5, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு அலுவலகத்தில் நீலமேகத்தின் சத்தம். கங்கையம்மன் கிளம்ப வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல், ஆறு பேர்தான். ஜெயவேல் இந்தப் பயணத்துக்கும் முன்பே பெயர் கொடுத்து வைத்திருக்கிறான். அந்தப் பெயர் கிடக்கட்டும் என்று ஏழாகக் காட்டி, 'புறப்பட்டது' என்று போடச் சொல்லியிருக்கிறார். ஷம்ஷாத் போட்டாள். பதிவேடு மறுத்துவிட்டது.

"ஏம்மா, இன்னொரு தபா தட்டு."

"அஞ்சு தபா தட்டிட்டேன் நைனா. ஏத்துக்க மாட்டேங்குது."

எட்டிப் பார்த்தேன். சிவப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி. யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் மீறல் என்று, எழுத்துக்கு எழுத்து அதே சொல்.

எந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்? நேற்று முன்தினம் கூடப் பட்டியல் எடுத்தேனே! அங்கே இல்லாத ஒன்றை மீறியதாகப் பதிவேடு எப்படிச் சொல்லும்? அங்கேயே மறுபடி கட்டளையைத் தட்டினேன். நான்கு வரி. அது இல்லவே இல்லை. ஒன்று பட்டியல் பொய், இல்லை சிவப்பு எழுத்து பொய்.

ஷம்ஷாத் நர்மதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாமா, கத்தாத. அந்தாளு திங்கக்கெயமலேந்து கடல்ல கீறாரு. இன்னும் கரைக்கி வர்ல. ஒர்த்தரு ரெண்டு படகுல எப்டி போவாரு?"

"பேரு மட்டும்தானமா?"

"மாரியப்பண்ணனுக்கும் பேரு மட்டும்தான் மாமா ரெண்டா இருந்துச்சு."

கடைசியில் நீலமேகம் வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி, என் பேர போடு. ஆறு வருசமாச்சு கடலுக்குப் போயி. தொப்பையோட போறேன், மீனுங்கோ பாத்து சிரிக்கட்டும்." போயும் விட்டார்.

நான் நடந்து வரும்போது பாலத்தின் மேல்தான் உறைத்தது. என் விதி - ஒரு ஆள், ஒரு தேதி, ஒரு படகு - இருந்திருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும்? ஜெயவேல் புறப்பட்டது 3-ஆம் தேதி. இது 5-ஆம் தேதி. தேதி வேறு. என் விதி பேசாமல் உள்ளே விட்டிருக்கும்.

நவம்பர் 6, வியாழன்

நர்மதா கடைக்கு வந்தாள். பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கல்லாப் பெட்டி மேல் வைத்தாள். என் கையெழுத்து.

"தலைவர் அன்னிக்கே எங்கிட்ட குடுத்துட்டாரு டீச்சர். பதில் எழுதலாம்னு நாலு தபா உக்காந்தேன். எங்க கம்பெனில இருக்கறவங்களுக்கே இத சொல்லிப் புரிய வெக்கறது கஷ்டம். அதான் நேர்ல."

இவர் மெதுவாக எழுந்து "டீ சொல்லிட்டு வாரேன்" என்று நழுவினார். பக்கத்துக் கடையில் டீ மூன்று நிமிடத்தில் வரும். அரை மணி நேரம் ஆளைக் காணோம்.

அவள் சொன்னதை என் மொழியில் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்குப் புரியும்.

பள்ளியில் மாணவனுக்கு இரண்டு எண் உண்டு. ஒன்று சேர்க்கை எண். பள்ளி தொடங்கிய நாள் முதல் ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குக் கிடையாது. அவர் இறந்தாலும் கிடையாது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பதிவேடு எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். மற்றது வகுப்பு வரிசை எண். இப்போது வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்குள் இரண்டு பதினேழு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பதினேழு டி.சி. வாங்கிப் போய்விட்டால் அடுத்தவனுக்குப் பதினேழு கொடுக்கலாம்.

முதலாவது கன்ஸ்ட்ரெயின்ட். விதிவிலக்கே இல்லாமல் எல்லா வரிக்கும் பொருந்தும் என்று அறிவித்த விதி. அதில் "இவர்களுக்குள் மட்டும்" என்று நிபந்தனை சேர்க்க வழியில்லை.

ஆனால் அறிவித்த விதி தானே போய் யாரையும் பிடிக்காது. பிடிப்பது அதற்கு அடியில் இருக்கும் இன்டெக்ஸ்: பெயர்களை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று வந்தால் "ஏற்கனவே இருக்கிறதா" என்று உடனே பார்க்கும் அடுக்கு. பரீட்சை ஹால் வாசலில் பட்டியலோடு நிற்கிற ஆசிரியை மாதிரி. யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டால் அந்த ஆசிரியையைப் பதிவேடு தானே நியமித்துக்கொள்ளும். விதியை அறிவிக்காமல் ஆசிரியையை மட்டும் நாமே நிறுத்தலாம். அது யூனிக் இன்டெக்ஸ். அவளிடம் "இன்னாரை மட்டும் பார்" என்று சொல்ல முடியும். கடலுக்குப் போய் இன்னும் திரும்பாதவர்களுக்குள் மட்டும் இரட்டை கூடாது - இதுதான் நர்மதா சொல்லி நிறுத்தியது.

"அப்போ எனக்கு வரும் பட்டியலில் அது ஏன் இல்லை?"

"நான் உங்களுக்குக் குடுத்தது கன்ஸ்ட்ரெயின்ட் பட்டியல் டீச்சர். இது இன்டெக்ஸ். அது வேற பட்டியல்."

"சிவப்பு எழுத்து கன்ஸ்ட்ரெயின்ட் என்றுதானே சொன்னது?"

சிரித்தாள். "இந்த டேட்டாபேஸ் அப்டித்தான். யாரு புடிச்சாலும் ஒரே வார்த்தைலதான் கத்தும். நானே மொத தபா ஏமாந்துகீறேன்."

"எதற்கு இவ்வளவு சுற்று? ஒரு ஆள் பெயர் இரட்டை கூடாது என்று மொத்தமாக விதித்திருக்கலாமே?"

"அப்டி கன்ஸ்ட்ரெயின்ட் போட்டா ஒரு ஆளு ஆயுசுக்கும் ஒரே தபாதான் கடலுக்குப் போக முடியும் டீச்சர்."

தேதி சேர்த்தது நான்தான். அதில்தான் ஓட்டை. அது மட்டுமில்லை. என் விதி இருந்தபோது ஒரு படகுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அது கிளம்பாமல் போனால், அதே நாளில் இன்னொன்றில் பெயர் ஏறாது. அதனால் பெயரே பதியாமல் ஏறிப் போயிருக்கிறார்கள். "ஜெயவேலண்ணனே ரெண்டு தபா அப்டிப் போச்சு" என்றாள். இறுக்க வேண்டிய இடத்தில் தளர்த்தி, தளர்த்த வேண்டிய இடத்தில் இறுக்கி வைத்திருந்தேன். ஒரு வருடமாக. ஒவ்வொரு திங்களும் சரிபார்த்து.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொல்லியிருக்கணும். அது என் தப்பு." கடிதத்தின் மடிப்பை விரலால் நீவினாள். பிறகு: "நீங்களும் கேட்டிருக்கலாம் டீச்சர். ஒரு மாசம்."

கடிதத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். டீ ஆறிப்போய் வந்தது.

நவம்பர் 7, வெள்ளி

விடியற்காலையில் திடீர்க் காற்று. எச்சரிக்கை வந்து எல்லாப் படகுக்கும் திரும்பச் சொல்லி வயர்லெஸ். பத்து மணிக்கு அலுவலகம் முழுக்கப் பெண்கள். முத்தம்மா மீன் கூடையோடு அப்படியே வந்திருந்தாள்.

பதினொன்றேகாலுக்குச் செய்தி: சகாயமாதா மூழ்கிவிட்டது. எண்ணூருக்குக் கிழக்கே. அருகில் போன படகு தூக்கியிருக்கிறது. ஆறு பேர்.

ஷம்ஷாத் திரையைப் பார்த்தாள். "ஏழு பேரு போய்கீறாங்க."

பின்னாலிருந்து ஒரு குரல் - யார் என்று எழுத மாட்டேன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை - "ஜெயவேலுதான் கங்கையம்மன்லயும் பேர் குடுத்துகீறானே. அதுல போய்ட்டிருப்பான்."

அதே வார்த்தைகள். முத்தம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த வார்த்தைகள் தெரியும்.

"இல்ல" என்றாள் ஷம்ஷாத். "கங்கையம்மன்ல அவுரு ஏறல. ஏத்தப் பாத்தோம், இது ஏத்துக்கல. ஏயாவது ஆளு நீலமேகம் நைனா. ஜெயவேலு சகாயமாதாலதான் கீறாரு. தேடச் சொல்லுங்க."

வயர்லெஸ்ஸில் நீலமேகத்தையும் கேட்டார்கள். கரகரப்புக்கு நடுவே, "எங்கிட்ட இல்ல, ஏழும் இங்க கீது, நான் திருப்பறேன்" என்றது. காற்றுக்குள் திருப்பினார்கள், அவருடைய மூன்று படகையும்.

முத்தம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடிக்க எனக்குத் துணிவில்லை. சொன்ன வாக்கை நான் காப்பாற்றியிருக்கிறேனா, யார் காப்பாற்றியது?

மூன்று நாற்பதுக்குக் கிடைத்தான். எண்ணூர் ஃபைபர் படகு ஒன்று பார்த்திருக்கிறது. மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியின் மூடியைக் கட்டிப் பிடித்தபடி மிதந்தானாம். தோள்பட்டை இறங்கிவிட்டது. பேசுகிறான்.

முத்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மீன் முழுவதும் கெட்டுப்போயிருந்தது.

நவம்பர் 8

கடிதத்தை இந்த நோட்டில் ஒட்டி வைத்தேன். கிழிப்பது சுலபம்.

நவம்பர் 10, திங்கள்

அட்டையின் பின்பக்கம் நர்மதா இரண்டாவது கட்டளை எழுதிக் கொடுத்திருக்கிறாள். முதல் பட்டியல்: நான்கு வரி. இரண்டாவது பட்டியல்: இன்டெக்ஸ்கள், நடுவில் அது. கடலில் இருப்பவர்களுக்குள் ஒரு ஆள், ஒரு படகு. இனி எதை மாற்றினாலும் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுவதாகத் தலைவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறாள். தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலையாம்.

தம்பி பெயருக்கு நேரே 'திரும்பியது' போடுவதைப் பார்க்க முத்தம்மா வந்திருந்தாள். ஷம்ஷாத் போட்டாள். முத்தம்மா திரையில் விரல் வைத்து அந்த வரியைத் தடவிப் பார்த்தாள்.

பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "அவுரு வரி எங்க கீது?"

"யாருடையது?"

"எங்கூட்டுக்காரரு. அந்த நர்மதா பொண்ணு ஆயுதபூசை அப்போ வூட்டுக்கு வந்துச்சே டீச்சர். பழைய நோட்ட பொட்டிக்குள்ள ஏத்திச்சாம். புது ரூலு போடப் போனா போட முடியலியாம். மாரியப்பண்ணன் பேரு ரெண்டு படகுல, ரெண்டுலயும் திரும்பலன்னு கீதாம். ஒண்ண எட்த்தாத்தான் ரூலு நிக்குமாம். எந்தப் படகுலக்கா போனாருன்னு கேட்டுச்சு. சொன்னேன்."

"என்னிடம் சொல்லவே இல்லையே நீ."

"உங்களுக்குத் தெரியும்னு நென்ச்சேன். நீங்கதான வாரா வாரம் பாக்கறீங்க."

ஷம்ஷாத் இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்தாள். மாரியப்பன். ஒரு வரி. ஒரு படகு. புறப்பட்ட நேரம் இருக்கிறது. திரும்பிய கட்டம் காலி. நர்மதா அதில் எதுவும் போடவில்லை. விதியின் கணக்கில் அவன் இன்னும் கடலில் இருக்கிறான். அந்த மாரியப்பனை இனி யாரும் வேறு படகில் ஏற்ற முடியாது.

"அத்த அப்டியே வுட்டுடுமா" என்றாள் முத்தம்மா.